அந்தத் துண்டை நான் அனுப்பவில்லை

இடுக்கியின் வாயில் வந்த அந்தத் துண்டை நான் பார்த்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டால் இங்கேயும் தப்பித்துக்கொள்வேன்.

டிஸ்க் சதை எப்படி இருக்கும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நண்டு ஓட்டை உடைத்தால் உள்ளே இருக்குமே, அந்த மாதிரி வெளுப்பாக, நார் நாராக இருக்கும். பழசாகிக் காய்ந்த டிஸ்க் என்றால் கொஞ்சம் மஞ்சள் தட்டியிருக்கும். அன்று ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ உள்ளே போய் வந்த இடுக்கியில் இருந்தது வேறு. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிக நீளம். வெளிர் சிவப்பு. வழவழப்பு. ஒரு முனை லேசாகச் சுருண்டு, நடுவில் துளை இருப்பது போலக்கூடத் தெரிந்தது. சிஸ்டர் ஈரத் துணியை நீட்டினார். அதில் துடைத்தேன். "லிகமென்ட்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

இருபத்திரண்டு வருடமாக முதுகுத்தண்டு அறுவை செய்கிறேன், கொங்குப் பக்கம் ஒரு நகரத்தில். இதை எழுதப்போகிறேன் என்று, அன்று மேசையில் இருந்த அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னபோது, "பேரும் ஊரும் போட்டுறாதீங்க. இட்லிக் கடைன்னு வேணா எழுதிக்கங்க" என்றார். ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன்.

அவருக்கு 47 வயது. வீட்டுத் திண்ணையிலேயே கடை. விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டி, இட்லிக் கொப்பரையை ஏற்றி இறக்கி, பதினோரு மணிவரை நின்றபடி வேலை. வலது காலில் பிட்டத்திலிருந்து கட்டைவிரல் வரை நரம்பு இழுக்கிறது என்று வந்தார். நாலாவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை நெருக்கியிருந்தது. மாத்திரை, பிசியோ, ஊசி என்று ஆறு மாதம் பார்த்தாயிற்று. கட்டைவிரல் தூக்க வராமல் போக ஆரம்பித்தபின்தான் அறுவை என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

குப்புறப் படுக்கவைத்து, சிறு கீறல் போட்டு, மைக்ராஸ்கோப் வழியாகச் செய்யும் அறுவை. நரம்பை ஒதுக்கி, பிதுங்கிய துண்டை எடுத்தேன். நரம்பு தளர்ந்து விழுந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். உள்ளே தளர்ந்து கிடப்பதையும் எடுத்துவிட்டால் மறுபடி பிதுங்காது என்று டிஸ்க்குக்குள் இடுக்கியை விட்டேன். பெரியவர்களுக்கு டிஸ்க்கின் முன்பின் ஆழம் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர். மூன்றுக்கு மேல் போகாதே என்பது பயிற்சிக் காலத்தின் முதல் பாடம். முன்சுவர் நல்ல நிலையில் இருந்தால் இடுக்கியின் நுனியில் ஒரு தடுப்பு தட்டுப்படும். தேய்ந்துபோன டிஸ்க்கில் அது தட்டுப்படாது, கை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அவர் ஒல்லியான உடம்புக்காரர். அன்று அது எனக்கு மூன்றாவது கேஸ், நாலாவது வெளியே காத்திருந்தது. நான் ஆழத்தைப் பார்க்கவில்லை.

கழுவுவதற்கு சலைன் ஊற்றினேன். அது குழியில் தேங்கி நிற்கவேண்டும். மணலில் விட்ட தண்ணீராக உள்ளே இறங்கிப் போயிற்று.

எனக்குக் குலை நடுங்கியது. முன்சுவர் பொத்துக்கொண்டது என்பதற்கு அது அடையாளம். அந்தச் சுவருக்கு அப்பால் பெருந்தமனி இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது, பக்கத்திலேயே பெருஞ்சிரை. அங்கே இடுக்கி பட்டால் நிமிடக் கணக்கில் உயிர் போகும். மயக்க மருத்துவரிடம், "பிரஷர் எவ்வளவு?" என்றேன். "நூத்தி இருபது, எழுபத்தாறு. ஏன்?" என்றார். "சும்மாதான்" என்றேன். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிரஷர் இறங்கவில்லை, நாடித்துடிப்பு ஏறவில்லை. ரத்தக்குழாய் தப்பியது என்று தெரிந்ததும் என் மனம் கதவைச் சாத்திக்கொண்டது. அதே வட்டாரத்தில் இன்னொரு குழாயும் ஓடுகிறது என்பது முதலாம் ஆண்டு மாணவனுக்கும் தெரியும். அந்த நிம்மதியில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கேஸ் ஷீட்டில் "அறுவை சிக்கலின்றி முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சலைன் இறங்கியதை எழுதவில்லை. அந்தத் துண்டைப் பற்றி எழுதவில்லை. ஃபார்மலின் பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பவும் இல்லை. டிஸ்க் சதையை அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை, நோயாளிக்கு வீண் செலவு என்று வைத்திருந்தோம். ஆனால் அது டிஸ்க் சதை இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த இன்னொரு குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சிறுநீர்க்குழாய் என்றால் பலரும் சிறுநீர் வெளியேறும் பாதையை நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது அதற்கு மேலே, ஒவ்வொரு சிறுநீரகத்திலிருந்தும் சிறுநீர்ப்பைக்கு இறங்கிவரும் குழாய். நாங்கள் யூரிட்டர் என்போம். இருபத்தைந்திலிருந்து முப்பது சென்டிமீட்டர் நீளம், தடிமன் சில மில்லிமீட்டர்தான். முதுகெலும்பின் இரு பக்கமும் உள்ள சோவாஸ் தசையின்மேல் சாய்ந்தாற்போல் இறங்கி, இடுப்புத் தமனியைத் தாண்டி உள்ளே போகும். வயிற்றைத் திறந்து பார்க்கும்போது அதை விரலால் மெல்லத் தொட்டால் மண்புழுவாக நெளியும். சிறுநீர் தானாக வழிந்து கீழே இறங்குவதில்லை, அந்த நெளிவுதான் அதைத் துளித்துளியாகத் தள்ளிக்கொண்டு போகிறது. கருப்பையை எடுக்கும் மகப்பேறு மருத்துவர்களுக்கு இந்தக் குழாயைப் பற்றிய பயம் படிக்கும்போதே ஊட்டப்பட்டுவிடும். அவர்கள் கத்தி வைக்குமுன் அது எங்கே என்று தேடுவார்கள். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நாங்கள் பின்னாலிருந்து போகிறோம், அது எங்கள் கண்ணிலேயே படாது. டிஸ்க் பிதுங்குவதுதான் கால் வலிக்குக் காரணம், அதை அறுத்து எடுக்கலாம் என்று பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் எழுதியது 1934-ல். டிஸ்க் அறுவையில் சிறுநீர்க்குழாய் அறுபட்டதைப் பற்றிய கட்டுரை 1960-லேயே வந்துவிட்டது. வயிற்றுப் பக்கமாகவும் விலாப் பக்கமாகவும் போய்ச் செய்யும் இன்றைய முறைகளில் குழாய்க்கு இன்னும் அருகிலேயே வேலை செய்கிறோம். ஆக, யாரும் அறியாத ஆபத்து என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ். கால் வலி சுத்தமாகப் போய்விட்டது என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். மகள் பக்கத்தில் நின்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷம். "ஆனா இந்த எடது விலாவுக்குக் கீழ குடைஞ்சுட்டே இருக்குதுங்க சார்" என்றார். குப்புறப் படுத்திருந்ததால் தசைப்பிடிப்பு, போய்விடும் என்றேன். வலது காலில்தான் வலி, வலது பக்கமாகத்தான் உள்ளே போனேன். இடது பக்கம் வலிப்பதற்கும் என் அறுவைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். வலப்பக்கத்திலிருந்து நடுவைப் பார்த்துச் சாய்வாக விட்ட இடுக்கி, முன்சுவரைத் தாண்டினால் இடப்பக்கம்தான் போய் நிற்கும். ஒரு காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தாலே தெரியும். கோடு போடவில்லை.

இரண்டாம் நாள் வயிறு உப்பியது. காலையில் குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தார். முதுகு அறுவைக்குப் பின் குடல் ஓரிரு நாள் மந்தமாக இருப்பது உண்டுதான். மலம் போக ஆசனவாயில் மருந்து வைக்கச் சொன்னேன். சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன், நன்றாகப் போகிறது, நிறமும் சரி என்றார்கள். அதோடு சிறுநீரகத்தை மறந்துவிட்டேன். வலது சிறுநீரகம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, பை நிறைந்துகொண்டிருந்தது. இடது பக்கத்துச் சிறுநீர் பைக்கு வந்து சேரவே இல்லை. அறுந்த முனையிலிருந்து வயிற்றின் பின்பக்கம் கசிந்து தேங்கிக்கொண்டிருந்தது. சிறுநீரில் ரத்தம் தெரியவில்லையே என்று நினைக்கலாம். முழுதாக அறுந்த குழாயிலிருந்து பைக்கு ரத்தம் எப்படி வரும்?

மூன்றாம் நாள் இரவு காய்ச்சல். டூட்டி சிஸ்டர் போன் செய்தார். இந்தப் பெண் எங்களிடம் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. "சார், பேஷன்ட் வயிறு கல்லாட்டம் இருக்குதுங்க. எடது பக்கம் தொடவே விடமாட்டேங்கறாங்க. ஒரு ஸ்கேன் பாத்தரலாமுங்களா?" என்றார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஆபரேஷன் முதுகுல. வயித்துக்கு எதுக்கு ஸ்கேன்?" என்றேன். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதற்குப்பின் அவர் பேசவில்லை. ஆன்டிபயாடிக்கை மாற்றி எழுதச் சொன்னேன். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பதினாலாயிரத்தைத் தாண்டியிருந்தன.

அந்தப் போனில் ஸ்கேன் என்று சொல்லியிருந்தால் மறுநாளே கண்டுபிடித்திருப்போம். என் கை தவறியது வியாழக்கிழமை பகலில். நான் தவறியது ஞாயிற்றுக்கிழமை இரவில், சோற்றுத் தட்டின் முன்னால். இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். டிஸ்க் ஆழத்தில் கை சறுக்குவது மிகக் கவனமானவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. தேடாமல் இருந்ததற்கு எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. இப்போது யோசித்தால், எனக்குத் தெரியாமல் இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த வழவழத்த துண்டு எனக்குள் எங்கோ உட்கார்ந்திருந்தது. ஸ்கேன் எடுத்தால் அது என்ன என்று தெரிந்துவிடும். அதனால்தான் அந்தப் பெண்மேல் எரிந்து விழுந்தேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்ததும் டிஸ்சார்ஜ் செய்து அனுப்பினேன். ஒன்பதாம் நாள் குளிர் நடுக்கத்தோடு ஆட்டோவில் திரும்பி வந்தார். அப்போதும் நான் பார்த்தது என் இடத்தைத்தான்: டிஸ்க்கில் சீழ் பிடித்திருக்குமோ என்று முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எழுதினேன். முதுகெலும்புக்கு முன்னால், இடது சோவாஸ் தசைமேல், ஒரு பெரிய நீர்க்கோர்வை தெரிந்தது. பழைய ரத்தம், இல்லாவிட்டால் சீழ் என்றேன். ரேடியாலஜி மருத்துவர் தலையை ஆட்டினார். ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்கலாம் என்றார்.

ஊசியில் வந்தது வைக்கோல் நிறத் தண்ணீர். ரத்தமும் இல்லை, சீழும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல், "இதுல கிரியாட்டினின் பாக்கச் சொல்றேன் சார்" என்றார். கிரியாட்டினின் என்பது ரத்தத்திலிருந்து சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவு, ஆகவே சிறுநீரில் அது ரத்தத்தில் உள்ளதைப்போலப் பல மடங்கு இருக்கும். ரத்தத்தில் அன்று 1.6 இருந்தது. அறுவைக்கு முன் 0.8. உள்ளே கசிந்த சிறுநீரை உடம்பு திரும்பவும் உறிஞ்சியதால் ஏறியிருந்தது. உறிஞ்சி எடுத்த தண்ணீரில் 41. மருத்துவம் படித்த யாருக்கும் அந்த இரண்டு எண்களுக்குமேல் விளக்கம் வேண்டாம். அது சிறுநீர்.

சி.டி. எடுத்தோம். இதில் ஒரு நுட்பம் உண்டு, சொல்லித்தான் ஆகவேண்டும். கையில் ஏற்றும் சாயம் சிறுநீரகத்துக்குப் போய், வடிந்து, குழாயில் இறங்குவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். சாயம் போட்ட உடனே எடுக்கும் படத்தில் குழாய் தெரியாது. பத்து நிமிடமோ அதற்குமேலோ பொறுத்து மறுபடி எடுக்கவேண்டும். அந்தத் தாமதப் படத்தை எடுக்காமல் விட்டால் குழாய் அறுந்ததைத் தவறவிடவும் கூடும். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். பத்தாவது நிமிடப் படம் திரையில் வந்தது. வலது குழாய் வெள்ளைக் கோடாகப் பைவரை இறங்கியது. இடது குழாய் நாலாவது எலும்பு வரை வந்தது. அதற்குக் கீழே கோடு இல்லை. சுண்ணாம்பு கொட்டினாற்போல் ஒரு வெள்ளைத் தேக்கம்.

சிறுநீரகவியல் மருத்துவர் கீழிருந்து பை வழியாகக் கம்பி விட்டுப் பார்த்தார். பாதி கிழிசலாக இருந்தால் அந்தக் கம்பியின்மேல் ஸ்டென்ட்டை ஏற்றிவிடலாம். இரு முனையும் கொக்கியாக வளைந்த மெல்லிய குழாய் அது, 1978-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஒரு முனை சிறுநீரகத்திலும் மறு முனை பையிலும் மாட்டிக்கொள்ளும். சில வாரங்கள் இருந்தால் பல கிழிசல்கள் அதன்மேலேயே ஆறிவிடும். இங்கே கம்பி மேலே ஏறவில்லை. அறுந்த இடத்தில் போய்ச் சுருண்டது. "கம்ப்ளீட் கட். நடுவுல ரெண்டு சென்டிமீட்டர் இல்ல" என்றார். அந்த இரண்டு சென்டிமீட்டரில் பாதியைத்தான் நான் ஈரத் துணியில் துடைத்தேன்.

அன்றே தெரிந்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று அவரிடம் கேட்டேன். பதில் தெரிந்துதான் கேட்டேன். மேசையிலேயே மல்லாக்கத் திருப்பி, அவரை அழைத்து, இரண்டு முனைகளையும் சாய்வாக வெட்டி அகலமாக்கி, உள்ளே ஸ்டென்ட் வைத்து, கரையும் மெல்லிய நூலால் இழுப்பில்லாமல் தைத்திருக்கலாம். ஆறு வாரம் கழித்து ஸ்டென்ட்டை உருவினால் முடிந்தது. மூன்றாம் நாள் தெரிந்திருந்தாலும் அநேகமாக அதேதான். பத்தாம் நாள், சிறுநீரில் ஊறி வெந்துபோன திசுவில், சீழ் பிடித்த இடத்தில், எந்தத் தையலும் நிற்காது. முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் ஒரு குழாய் போட்டுச் சிறுநீரை வெளியே பையில் பிடிக்கவேண்டும். தேக்கத்துக்கு இன்னொரு குழாய். வீக்கமெல்லாம் வற்றும்வரை காத்திருக்கவேண்டும். பன்னிரண்டு வாரம்.

அந்தப் பன்னிரண்டு வாரமும் கடை மூடிக் கிடந்தது. முதுகில் குழாயும் இடுப்பில் பையுமாக அவர் வாரம் ஒரு தடவை கட்டு மாற்ற வருவார். பையை வைக்க மகள் பழைய ரவிக்கைத் துணியில் ஓர் உறை தைத்திருந்தாள், ஊதா நிறத்தில், சுருக்குப் பை மாதிரி நாடா போட்டு. அதைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு உட்காருவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வாடை அடிக்கிறது என்று எழுந்து போனதாக ஒருநாள் சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டு மாற்றும்போது நான் அந்த உறையைப் பிடித்துக்கொள்வேன். கைச்சூடாக இருக்கும்.

இனி இரண்டாவது குற்றம். அது முதலாவதைவிட மோசம்.

அவரிடம் நான் சொன்னது "இன்ஃபெக்ஷன் ஆயிடுச்சும்மா." சி.டி. பார்த்த அன்று மாலை சொன்னேன். பொய் என்று யாரும் என்னைப் பிடிக்க முடியாது, காய்ச்சல் இருந்தது, சீழும் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. முதுகில் செய்த அறுவைக்கு எதற்காக யூரின் குழாய் என்று கேட்டார். "உள்ள நீர் கோத்துக்கிச்சு, அது வடியத்தான்" என்றேன். மருத்துவமனை நிர்வாகத்தில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, எழுத்தில் எதுவும் தராதீர்கள், குடும்பத்தாரிடம் அதிகம் பேசாதீர்கள் என்றார். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்ததிலிருந்து எங்கள் ஆட்களுக்கு இந்தப் பேச்சு பழகிப்போனதுதான். அவர்மேல் பழி போட மாட்டேன். அவர் சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது, பிடித்துக்கொண்டேன்.

பதினொரு நாள் இப்படிப் போயிற்று. சிறுநீரகவியல் மருத்துவர் என்னைவிட எட்டு வயது இளையவர். ஒரு சாயங்காலம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "சார், அடுத்த ஆபரேஷனுக்கு நான் அவங்ககிட்ட கையெழுத்து வாங்கணும். எதுக்குன்னு சொல்லாம நான் வாங்க மாட்டேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?" என்றார்.

நான்தான் சொன்னேன். அந்த அம்மாவும் மகளும் அந்த அம்மாவின் தம்பியும் இருந்தார்கள். ஒரு காகிதத்தில் முதுகெலும்பு வரைந்து, டிஸ்க் வரைந்து, என் இடுக்கி எங்கே போயிருக்க வேண்டும், எங்கே போயிற்று என்று கோடு போட்டுக் காட்டினேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கோடு. இது என் கையால் ஆனது, இன்ஃபெக்ஷன் அதற்கப்புறம் வந்தது, உங்களிடம் மறைத்தேன் என்றேன். தம்பி எழுந்து நின்றுவிட்டார். கை ஓங்குவார் என்று நினைத்தேன். அந்த அம்மா அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அன்னைக்கே கண்டுபிடிச்சிருந்தா இந்தப் பையி இல்லீங்களா?"

"இல்லம்மா."

"நாலு நாளாச் சொன்னேனே. எடது பக்கம், எடது பக்கம்னு. நீங்க என்ற முதுகுக் கட்டத்தான் பாத்தீங்க. மூஞ்சியப் பாக்கவேயில்லீங்க."

இதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன். கொஞ்சநேரம் கழித்து, "கிட்னிய எடுத்துருவாங்களா?" என்றார். தேவைப்படாது என்று நம்புகிறோம் என்றேன். ஒரு காலத்தில் அதுதான் வழியாக இருந்தது. 1869-ல் ஹைடல்பர்கில் குஸ்டாவ் சிமோன் திட்டமிட்டு ஒரு மனிதச் சிறுநீரகத்தை முதன்முதலாக அகற்றினாரே, அது வேறொரு அறுவையில் சிறுநீர்க்குழாய் சேதப்பட்டு ஓயாமல் சிறுநீர் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்காகத்தான். நாய்களில் செய்து பார்த்துவிட்டு அந்தப் பெண்ணுக்குச் செய்தார். பிழைத்துக்கொண்டார். எங்கள் பாடப் புத்தகத்தில் அது சிறுநீரக அறுவையின் தொடக்கம் என்று இருக்கும். அறுபட்ட குழாய் ஒன்றுதான் அதற்குக் காரணம் என்பதைப் படித்திருந்தும் நான் மனதில் வாங்கியிருக்கவில்லை.

பதின்மூன்றாம் வாரம் அறுவை நடந்தது. நடுவில் இல்லாமல் போன நீளத்துக்கு, சிறுநீர்ப்பையின் சுவரிலிருந்தே ஒரு பட்டையை வெட்டி மேலே திருப்பி, குழாயாகச் சுருட்டித் தைத்து, நல்ல முனையோடு இணைப்பார்கள். இத்தாலிக்காரர் போவாரி 1894-ல் நாயில் செய்துகாட்டிய முறை. பையை மேலே இழுத்துச் சோவாஸ் தசையோடு தைத்துவிடுவதால் இழுப்பு இருக்காது. நாலரை மணி நேரம் ஆயிற்று. நான் மூலையில் நின்று பார்த்தேன், யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. தைத்து முடித்ததும் சிறுநீரகவியல் மருத்துவர் இடது குழாயின் மேல்பாகத்தை இடுக்கி நுனியால் லேசாகத் தொட்டுக் காட்டினார். நெளிந்தது.

ஆறு வாரம் கழித்து ஸ்டென்ட்டை எடுத்தார்கள். அடுத்தடுத்த ஸ்கேன்களில் இடது சிறுநீரகம் வீங்காமல் இருக்கிறது. வேலை வலதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் செய்கிறது. இரண்டாவது அறுவையின் செலவு அவர்மேல் விழவில்லை. அதைச் சொல்வதில் எனக்குப் பெருமை இல்லை. ஐந்து மாதக் கடை வருமானமும், வட்டிக்கு வாங்கியதும், வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போனதும் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. வழக்குப் போட்டால் நான் எதையும் மறுக்க மாட்டேன் என்று தம்பியிடம் சொன்னேன். போடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

கேஸ் ஷீட்டில் அன்றைய தேதி போட்டு, தாமதமாகச் சேர்த்த குறிப்பு என்று தலைப்பிட்டு, சலைன் இறங்கியதையும் அந்தத் துண்டையும் எழுதிவைத்தேன். எங்கள் மாதாந்தரக் கூட்டத்தில் கேஸை எடுத்துவைத்தேன். பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் 1911-லிருந்து 1916 வரை தன் சிறிய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 337 பேரின் கணக்கை எடுத்து, அதில் 123 பிழைகளைத் தானே கண்டு அச்சில் போட்டார். அவரைச் சகாக்கள் ஒதுக்கினார்கள். என்னை யாரும் ஒதுக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் தனியாக வந்து தங்களுக்கும் இதுபோல ஒன்று உண்டு என்றார்கள். வெளியே சொன்னதில்லையாம். இப்படி எத்தனை பேர் மனதுக்குள் வைத்திருக்கிறோம் என்று எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த நோயாளியைக் காப்பாற்ற வேண்டிய அறிவு அது.

அந்த டூட்டி சிஸ்டரை வார்டில் எல்லோர் முன்னிலையிலும் கூப்பிட்டு, நீ சொன்னதுதான் சரி, நான் கேட்கவில்லை என்றேன். அவர் அழுதுவிட்டார். அவர் பயந்துபோய்த்தான் அழுதார் என்று நினைக்கிறேன், அந்த அளவுக்கு நாங்கள் அவர்களை வைத்திருக்கிறோம். இப்போது எங்கள் தியேட்டரில் டிஸ்க்கிலிருந்து வரும் ஒவ்வொரு துண்டும் ஃபார்மலின் பாட்டிலுக்குப் போகிறது, செலவு மருத்துவமனையுடையது. இடுக்கியில் மூன்று சென்டிமீட்டரில் அடையாளம் இருக்கிறது, சிஸ்டர் உரக்கப் படிக்கிறார்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது முதுகில் டிஸ்க் அறுவை நடந்து, இரண்டு மூன்று நாளில் வயிறு உப்பினால், விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகக் குடைந்தால், காய்ச்சல் வந்தால், வாந்தி நிற்காமல் போனால், சிறுநீர் நன்றாகப் போகிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். "யூரிட்டரைப் பாத்தாச்சுங்களா, சாயம் போட்டு லேட்டா ஒரு படம் எடுத்துப் பாக்கலாமுங்களா" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். அந்த அம்மாவின் மகள் இரண்டாம் நாளே கேட்டிருந்தால் நானும் முகம் சுளித்திருப்பேன். ஆனால் படத்தை எடுத்திருப்பேன்.